துணிப் பைகளால் மோட்டார் சைக்கிளின் பூச்சு தேயாமல் காப்பது எப்படி: திருகோணமலையில் ஓடுவோருக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாகத் துணிப் பக்கப் பைகளைக் கட்டிக்கொண்டு திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போய்வந்த அன்று மாலை, இடப்பக்கப் பையைக் கழற்றியபோது, அதன் கீழிருந்த கறுப்புப் பக்கமூடியில் உள்ளங்கையளவு இடம் சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. கைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பார்த்தபோதுதான், அந்த மங்கல் முழுவதும் மயிரிழை போன்ற நுண்கீறல்கள் என்பதும், அவை எல்லாமே சிறு பிறைகளாக ஒரே பக்கம் வளைந்திருக்கின்றன என்பதும் தெரிந்தன. பையைத் திருப்பி, அதன் ஓரத் தையல் மடிப்புக்குள் விரலை விட்டு இழுத்தேன். நகக்கண் நிறைய மணல் வந்தது. பையோ புத்தம் புதியது. தலையணை போல் மென்மையானது. போக வர நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான ஓட்டம், அவ்வளவுதான்.

பூச்சைத் தேய்ப்பது பைக்கும் பூச்சுக்கும் நடுவில் அகப்பட்ட மணலே. பை அந்த மணலை அழுத்திப் பிடித்து அரைக்கும் கையாக மட்டுமே இருக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கடையில் எதை வாங்குவது, எதை விடுவது, எந்த வேலை அதிக முக்கியம் என்பதெல்லாம் தானாகவே ஒழுங்குக்கு வரும். முக்கியத்தில் மணலை அகற்றுவது முதலாவது, பை அசையாதபடி கட்டுவது இரண்டாவது, பூச்சின் மேல் ஒரு காப்புப் படலத்தை ஒட்டுவது மூன்றாவது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு, சில மாதங்களில் படலமே தேய்ந்து கிழிந்ததைக் கண்டு ஏமாறுகிறார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்

கடற்கரை மணலில் மிகுதியாக இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7 என்ற இடத்தில் நிற்கிறது; சாதாரணக் கத்தியின் உருக்கு ஏறத்தாழ 5.5. புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற், ரூற்றைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் உள்ளன. அவற்றில் சிர்கோனின் கடினம் 7.5. இவற்றோடு மோதும் வண்டிப் பூச்சின் மேற்படையான கிளியர் கோட்டோ பொதுவாக 50 மைக்ரோமீற்றருக்குள் அடங்கிவிடும். தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் காப்பாற்ற நினைப்பது எவ்வளவு மெல்லிய படை என்பது விளங்கும்.

அசைவின் கணக்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தின் அச்சு ஒரு மணித்தியாலத்தில் 3 இலட்சம் தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியும் சட்டத்துக்கு ஓர் அதிர்வைக் கொடுக்கிறது. பை கண்ணுக்குத் தெரிந்து ஆடவேண்டும் என்பதில்லை. அரை மில்லிமீற்றர் அசைந்தாலும் போதும்.

தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்த புழுதியும் மணலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீதியோரங்களில் எழும்பி எல்லா இடுக்கிலும் புகுந்துவிடுகின்றன. வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கி மாரி பிடித்த பின்னர் தொல்லை வேறு வடிவம் எடுக்கிறது: முன்சில்லு வாரி அடிக்கும் சேற்றுநீர் பையின் வண்டியோடு படும் பக்கத்தில் படிந்து, காய்ந்து, மறுநாள் பயணத்தில் சாண்ட் பேப்பர் போல வேலை செய்கிறது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் மாரியையே சொல்வேன். புழுதி தட்டினால் உதிரும்; சேறு துணியின் இழைக்குள் ஊறி ஒட்டிக்கொள்ளும்.

முதற்படி: எங்கே படுகிறது என்று கண்டுபிடித்தல்

பை பூச்சைத் தொடும் இடம் எது என்று கண்ணால் பார்த்து மதிப்பிடவேண்டாம். அநேகமாகத் தவறாகவே இருக்கும். பையின் பின்புறத்தில், அதாவது வண்டியோடு படும் பக்கத்தில், குழந்தைகளுக்குப் பூசும் டல்க் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவித் தேயுங்கள். டல்க் என்னும் கனிமம் மோஸ் அளவுகோலில் 1 ஆம் இடத்தில், எல்லாவற்றிலும் மென்மையானதாக இருப்பதால், அது பூச்சுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. பையில் வழக்கமாகக் கொண்டுபோகும் பொருட்களை நிரப்பி, வழக்கமாகக் கட்டுவதுபோலக் கட்டி, ஒருவரைச் சீற்றில் இருத்திச் சில தடவை அமுக்கி எழும்பச் சொல்லுங்கள். பிறகு பையை நேராக வெளிநோக்கித் தூக்கிக் கழற்றினால், வெள்ளைத் தடங்கள் தாமாகவே விடையைச் சொல்லும்.

எனது வண்டியில் நான் எதிர்பார்த்த அகன்ற பக்கமூடியில் மிகக் குறைவாகவே பவுடர் ஒட்டியிருந்தது. தடிப்பாக ஒட்டியிருந்த இடங்கள் மூன்று: சீற்றுக்குக் கீழே பின்மூடி வளையும் முனை, பையின் கீழோரத் தையல் படும் கோடு, இரு பைகளையும் இணைக்கும் பட்டி சீற்றின் கரையைத் தாண்டி இறங்கும் இடம். மூன்றாவதை நான் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. பவுடர் காட்டிய இடங்களில் மாஸ்கிங் ரேப்பை ஒட்டிக்கொண்டு, கன்னியா வரை ஒரு குறுகிய ஓட்டம் போய்வாருங்கள். ரேப் எங்கே சுருண்டிருக்கிறதோ, எங்கே பஞ்சாகித் தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் அழுத்தத்தோடு அசைவும் சேர்ந்திருக்கிறது. வெறும் தொடுகை ஆபத்தில்லை. தேய்ந்த இடங்களைப் பென்சிலால் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் படலம் வெட்டும்போது உதவும். வேலை முடிந்ததும் மாஸ்கிங் ரேப்பை அன்றே உரித்துவிடவேண்டும். வெயிலில் விட்டால் பசை பூச்சில் காய்ந்து இறுகிவிடும்.

இரண்டாம் படி: பையை அசையாமல் கட்டுதல்

எங்கள் பக்கத்தில் சாமான் கட்டுவதற்கு எல்லோரும் தேடுவது பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய ரப்பர் வாரைத்தான். மீன்பெட்டி கட்டவும் அரிசி மூடை கட்டவும் அது அருமையான பொருள். பூச்சுக்கு அருகே அது வேண்டாம். இழுபடும் தன்மையுள்ள எதுவும் பள்ளத்தில் வண்டி விழும்போது நீண்டு, எழும்போது சுருங்கும். அந்த ஒவ்வொரு நீட்சிக்கும் பை ஒருமுறை தேய்க்கும். அதைவிட, ரப்பரில் இருந்து கசியும் எண்ணெய்த் தன்மையான பொருள் வெள்ளை, வெளிர்நிறப் பூச்சுகளில் பழுப்புக் கறையாக இறங்கிவிடுகிறது. அந்தக் கறை பின்னர் எதற்கும் அசையாது. இரு முனையிலும் கொழுக்கி வைத்த இழுவைக் கயிறுகளுக்கும் இதே குறை உண்டு. அத்துடன், கை தவறினால் கொழுக்கி கண்ணை நோக்கித் தெறிக்கும்.

நீளாத நெய்த பட்டிகளையும் இறுக்கக்கூடிய பக்கிள்களையும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பையும் குறைந்தது இரு திசைகளில் இழுத்துக் கட்டப்படவேண்டும்: ஒன்று முன்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. மேலிருந்து மட்டும் தொங்கும் பை ஊஞ்சல்தான். பட்டியைச் சட்டத்திலோ, பின்னால் இருப்பவர் பிடிக்கும் இரும்புப் பிடியிலோ, பின்னிருப்பவரின் கால்மிதி பொருத்தியிருக்கும் இரும்பிலோ கட்டவேண்டும். சிக்னல் லைற்றின் தண்டிலும் பிளாஸ்ரிக் மூடிகளிலும் கட்டக்கூடாது.

சிறிய வண்டிகளில், குறிப்பாக 100 முதல் 150 சீசீ வரையான வண்டிகளில், பக்கப் பை உள்நோக்கிச் சரிந்து சில்லில் படும் அபாயம் உண்டு. இதற்கு ஒரு பக்கச் சட்டம் பொருத்துவதே சரியான தீர்வு. வெல்டிங் கடைகளில் உருண்டைக் கம்பியை வளைத்துச் செய்து தருவார்கள். அந்தச் சட்டம் பைக்கும் பக்கமூடிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியை விட்டாலே பாதிக்கு மேற்பட்ட பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் பை அதன்பிறகு பூச்சைத் தொடவே போவதில்லை. கையிலுள்ள பணம் படலம், சட்டம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அதைச் சட்டத்துக்கே செலவிடுங்கள் என்பது என் கருத்து. சட்டத்தைச் செய்தவுடன் துருத்தடுப்புப் பூச்சும் அதன்மேல் நிறப்பூச்சும் அடித்துவிடுங்கள். எங்கள் உப்புக்காற்றில் வெறும் இரும்பு ஒரு வாரத்திலேயே சிவக்கத் தொடங்கிவிடும்.

கட்டிய பிறகு சரிபார்க்கவேண்டியவை சில உண்டு. அவை பூச்சைவிட முக்கியமானவை. சீற்றில் இருவரை இருத்தி அமுக்கிப் பார்த்து, பை சில்லிலோ சங்கிலியிலோ படவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பை சைலன்சரிலிருந்து விலகியிருக்கவேண்டும். நைலோன் வகையைப் பொறுத்து 220 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும், சைலன்சரின் தொடக்கக் குழாய் அதைவிடச் சூடாகக் கூடியது. நான் ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். முடியாத இடத்தில் உலோக வெப்பத்தடுப்பு ஒன்று இடையில் இருக்கவேண்டும். பின்விளக்கு, சிக்னல், இலக்கத்தகடு ஆகிய மூன்றும் பின்னால் வருபவருக்கு முழுமையாகத் தெரியவேண்டும்.

பையை நிரப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். பாதி நிரம்பிய பை தளர்ந்து தொங்கி அதிகம் தேய்க்கும். நிரம்பாவிட்டால் உடுப்புகளை வைத்து நிரப்பி உருவத்தைப் பிடிக்கவையுங்கள், அல்லது பக்கப் பட்டிகளால் சுருக்குங்கள். வண்டிப் பக்கமாக மென்மையான துணிகள், வெளிப்பக்கமாகக் கடினமான பொருட்கள், பாரமானவை அடியிலும் முன்பக்கமாகவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பனர் ஒன்று துணிக்குப் பின்னால் இருந்து உள்நோக்கி முட்டிக்கொண்டிருந்தால், அந்த ஓர் இடத்தில் மட்டும் பூச்சு குழி விழுந்ததுபோலத் தேய்வதைக் காணலாம்.

பட்டிகளின் தொங்கும் முனைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. காற்றில் படபடக்கும் ஒரு பட்டி முனை, சிறு சாட்டையாகப் பூச்சை அடித்துக்கொண்டே வருகிறது. அவற்றைச் சுருட்டி வெல்க்ரோவாலோ சிறு ரப்பர் வளையத்தாலோ பையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சிப் இழுவைகளின் உலோக நுனியைக் கழற்றிவிட்டு நூல் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். மழைமூடி போட்டால் அதன் ஓரமும் இப்படித்தான் படபடக்கும். அதற்கு மேலால் ஒரு பட்டி கட்டவேண்டும்.

புறப்பட்டு பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போனதும், சாம்பல்தீவைத் தாண்டி நிலாவெளியில் ஒரு தேநீருக்கு நிறுத்தும்போது, எல்லாப் பட்டிகளையும் மறுபடி இழுத்து இறுக்குங்கள். உள்ளேயிருக்கும் பொருட்கள் அதிர்வில் அடங்கியதும் பட்டி தளர்வது இயல்பு. நைலோன் பட்டி நனைந்தால் இன்னும் தளரும். மழையில் அகப்பட்டால் மழை விட்டதும் ஒருமுறை இறுக்குங்கள்.

மூன்றாம் படி: கழுவுதல்

படலம் ஒட்டுவதற்கு முன்னும், பின்னர் ஒவ்வொரு முறை பை கட்டுவதற்கு முன்னும் பூச்சும் பையின் பின்புறமும் சுத்தமாக இருக்கவேண்டும். காய்ந்த துணியால் புழுதியைத் துடைப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. துணி மணலை இழுத்துக்கொண்டு ஓடும், பை செய்யும் அதே வேலையை நம் கையே செய்யும். முதலில் தண்ணீரை ஊற்றி மணலை ஓடவிடுங்கள். இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோபைபர் துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீரில் அலசி மணலை இறக்கிவிட்டு, அதன் பிறகே மீண்டும் ஷாம்பு வாளிக்குள் விடவேண்டும். சட்டி கழுவும் சவர்க்காரமும் உடுப்புத் தோய்க்கும் தூளும் வேண்டாம். கிணற்று நீர் உவராக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலுக்காவது குழாய் நீரைப் பயன்படுத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள்; உப்புப் பொட்டுகள் தங்கினால் அவையும் தேய்க்கும் துகள்களே.

பையின் தையல் மடிப்புகளுக்குப் பழைய பற்தூரிகை. வேறெதுவும் அந்த இடுக்குக்குள் போகாது.

நான்காம் படி: காப்புப் படலம்

வாகன ஸ்ரிக்கர் வெட்டும் கடைகளில் இரண்டு வகை ஒளிபுகும் படலங்கள் கிடைக்கும். ஒன்று வினைல், தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும், மலிவானது, வெட்ட எளிது. மற்றது பொலியூரித்தேன் படலம், பி.பி.எஃப். என்று கேட்டால் தெரியும். அது 0.15 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை தடிப்பானது, அழுத்தினால் அமிழ்ந்து மீளக்கூடியது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டர்களின் சுழல் இறக்கைகளை மணல் அரிக்காமல் காப்பதற்காக உருவானதன் வழிவந்தது இது. பழைய ஆட்கள் இன்றும் ஹெலிகொப்டர் ரேப் என்றே சொல்வார்கள். நமது தேவையும் மணலிலிருந்து காப்பதே என்பதால், தேயும் இடங்களுக்குப் பொலியூரித்தேனையே வாங்குங்கள். முழு வண்டிக்கும் ஒட்டத் தேவையில்லை. பவுடர் காட்டிய இடங்களுக்கு நான்கைந்து கைக்குட்டையளவுத் துண்டுகள் போதும்; கடைகளில் பெரிய வேலைகளில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளைக் கேட்டால் குறைந்த விலையில் தருவதும் உண்டு. ஸெராமிக் பூச்சு அடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதன் பெட்டியில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கடின அளவு, மோஸ் அளவில் 9 என்று பொருளல்ல. அது அழுக்கு ஒட்டாமல் இருக்க உதவும். பையின் கீழே அரைபடும் மணலைத் தாங்காது.

ஒட்டுவதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். புதிதாகப் பூச்சடித்த பாகமாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் விடவேண்டும்; உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேறும் முன் மூடினால் கொப்புளம் எழும். கிளியர் கோட்டுக்கு மேலே ஒட்டப்பட்ட ஸ்ரிக்கர் கோடுகள் இருந்தால், விரலால் தடவும்போது அவற்றின் ஓரம் தட்டுப்படும். அவற்றின் மேல் படலத்தை ஒட்டினால் பிறகு உரிக்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடும். மினுக்கமில்லாத மட் பூச்சு என்றால் மட் படலமே வாங்கவேண்டும், இல்லையேல் அந்த இடம் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். சொரசொரப்பான, பூச்சில்லாத கறுப்புப் பிளாஸ்ரிக்கில் படலம் பிடிக்காது, விட்டுவிடுங்கள்.

காற்றில்லாத அதிகாலையில், நிழலில், வண்டி குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். கச்சான் வீசும் பின்னேரத்தில் வெளி முற்றத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. படலத்தின் பசைக்குள் விழும் ஒரு மணல்துணிக்கை அதை உரிக்கும் நாள்வரை புடைத்துக்கொண்டு நிற்கும். கழுவி உலர்ந்த இடத்தை, மருந்தகத்தில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அற்ககோலுடன் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்து, மெழுகும் எண்ணெய்ப்பசையும் போகச் செய்யுங்கள்.

படலத்தைத் தாளில் வரைந்த உருவத்தின்படி வெட்டும்போது, தேயும் இடத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விடுங்கள். மூலைகளை வட்டமான ஒரு நாணயத்தை வைத்து வரைந்ததுபோல் வளைவாக்குங்கள். கூரான மூலை எதுவும் நிலைக்காது. முதல் வாரத்திலேயே பையின் துணி அதைக் கொத்தித் தூக்கிவிடும். வெட்டும் வேலையை மேசையில் வைத்தே முடியுங்கள். வண்டியின் மேல் வைத்துப் பிளேட்டால் வெட்டியவர்களின் பூச்சில், படலத்தின் ஓரமெல்லாம் ஒரு நேர்த்தியான கீறல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தெளிக்கும் போத்தலில் அரை லீற்றர் சுத்தமான தண்ணீரும் குழந்தை ஷாம்பு நான்கைந்து துளிகளும் கலந்துகொள்ளுங்கள். விரல்களை நனைத்து, படலத்தின் பின்தாளை உரித்து, பசைப்பக்கத்திலும் பூச்சிலும் தாராளமாகத் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை படலம் வழுக்கும். அதனால் நிதானமாக இடத்துக்கு நகர்த்தலாம், பதறவேண்டியதில்லை. இடம் சரியானதும் படலத்தின் மேலும் தெளித்து, மெல்லிய துணி சுற்றிய பழைய பிளாஸ்ரிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். பின்மூடி வளையும் முனைபோன்ற இடங்களில் படலம் சுருக்கம் விழும். தலைமயிர் உலர்த்தியால் இளஞ்சூடாக்கி, மெதுவாக இழுத்துப் பிடித்து, ஆறும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருங்கள். சிறு பால்நிற மங்கலும் நுண்ணிய நீர்க்குமிழிகளும் முதல் நாட்களில் தெரியும். அவை ஒன்றிரண்டு வாரத்தில் தாமாக மறையும், ஊசியால் குத்தவேண்டாம். ஒருநாள் முழுவதும் வண்டியை அப்படியே விட்டு, மேலும் சில நாட்களுக்குப் பை கட்டாமலும் கழுவாமலும் இருங்கள். அதன் பின்னர் சேர்விஸ் நிலையத்தில் கழுவக் கொடுத்தால், அழுத்த நீர்க்குழாயைப் படலத்தின் ஓரத்துக்கு நேரே பிடிக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படலத்துக்குப் பதிலாகப் பலர் வைக்கும் பொருட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். துவாயும் பழைய துணியும் நீரையும் மணலையும் பிடித்துவைத்துக்கொண்டு தாமும் அசையும். வெறுமனே விடுவதைவிட அவை மோசம். புதுவண்டியோடு வந்த பொலித்தீன் உறையைக் கிழிக்க மனமில்லாமல் மாதக்கணக்கில் விட்டிருப்பவர்களும் நம்மிடையே அதிகம். அதன் ஓரத்தால் உள்ளே போன மணல் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடந்து அரைக்கும். வண்டி வாங்கிய வாரத்திலேயே அதை உரித்துவிடுங்கள்.

பெற்றோல் தாங்கியின் மேல் வைக்கும் பை

காந்தத்தால் ஒட்டும் தாங்கிப் பைகள் வசதியானவை. ஆனால் இல்மனைற் என்பது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒக்சைட்டு. மணலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதற்கே காந்தங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே கருமணல் உள்ள கரையில் பையை வைத்து எடுத்தால், அதன் வலுவான காந்தங்கள் அடியில் கறுப்புத் துகள்களைச் சேர்த்துக்கொண்டு வரும், அந்தத் துகள்கள் நேரே தாங்கியின் நடு உச்சிக்குப் போய்ச் சேரும். காந்தப் பையை எங்கேயும் தரையில் வைக்காதீர்கள். மீண்டும் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு காந்த மடலையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு விரலுக்கு உடனே தெரியும். பையை அகற்றும்போது இழுக்காமல், ஒரு மடலை நேர்மேலாக உரித்துத் தூக்கி, பிறகு மற்றதைத் தூக்கவேண்டும்.

பட்டியால் கட்டும் தாங்கிப் பையில் முன்பட்டி ஹாண்டிலின் கழுத்தைச் சுற்றிப் போகும். கட்டியதும் ஹாண்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, அக்ஸிலேற்றர் கேபிள் இழுபடவில்லை என்று கட்டாயம் பாருங்கள். பெற்றோல் அடிக்கும்போது பையைச் சீற்றின் மேல் வையுங்கள். பெற்றோல் சிந்தினால் படலத்தின் பசை இளகும் என்பதால் உடனே நீர் ஊற்றித் துடைத்துவிடவேண்டும்.

பயணம் முடிந்த பின்

இரவு பையைக் கழற்றி வையுங்கள். நனைந்த, உப்பேறிய துணி விடியும்வரை பூச்சோடு ஒட்டிக்கிடப்பது எந்த வண்டிக்கும் நல்லதல்ல; ஆணித் தலைகளும் சட்டத்தின் மூட்டுகளும் முதலில் துருப்பிடிக்கும். கழற்றும்போது பூச்சின் மேலாக இழுத்துச் சரிக்காமல், வெளிப்பக்கமாகத் தூக்கி எடுக்கவேண்டும். களைப்போடு வீட்டுக்கு வந்து ஒரே இழுவையில் உருவும் அந்த ஒரு கணத்தில் விழும் கீறல், முழுப் பயணத்திலும் விழுவதைவிட ஆழமாக இருக்கும்.

ஏற்கெனவே கீறல் விழுந்திருந்தால் அதன் மேல் ஈரவிரலை வையுங்கள். நனைந்ததும் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது; மெல்லிய பொலிஷ் கொண்டு மைக்ரோபைபர் துணியால் கையாலேயே குறைக்கலாம், ஆனால் பொலிஷ் என்பதும் பூச்சைத் தேய்த்து மட்டப்படுத்துவதே என்பதால் அடிக்கடி செய்யக்கூடாது. மட் பூச்சில் பொலிஷ் போடவே கூடாது. பற்பசை போடச் சொல்வார்கள்; அதன் தேய்க்கும் துகள் எந்த அளவென்று நமக்குத் தெரியாது, வேண்டாம். நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால், பொலிஷால் அது தீராது. இரும்புத் தாங்கியில் வெறும் உலோகம் தெரிந்தால் அன்றைக்கே துடைத்து உலர்த்தி, அடிப்பூச்சும் நிறப்பூச்சும் சிறு தூரிகையால் தொட்டு மூடுங்கள். மறுவாரம் பார்க்கலாம் என்று விட்டால், கடற்காற்று பூச்சின் அடியால் துருவை நடத்திக்கொண்டு போய்விடும்.

படலம் மங்கிக் கீறுபட்டதும் மாற்றவேண்டும், தேய்வதற்காகத்தானே அதை ஒட்டுகிறோம். உரிக்கும்போது இளஞ்சூடாக்கி, மேல்நோக்கிப் பிடுங்காமல் பூச்சோடு தாழ்வாக, பின்புறமாக மடித்து மெதுவாக இழுத்தால் பசை மிஞ்சாது. எனது சிவப்புத் தாங்கியில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரித்தபோது, படலத்தின் கீழே பூச்சு கடையில் எடுத்த அன்றுபோல் இருந்தது. ஆனால் சுற்றியிருந்த பகுதி வெயிலில் சற்று வெளிறியிருந்ததால், நீள்சதுரமாக ஒட்டிய இடம் ஒரு கறுத்த சட்டம்போலத் தெரிந்தது. ஆகவே இரண்டாவது தடவை, படலத்தின் ஓரத்தை நடுவில் எங்கோ முடியவிடாமல், தாங்கியில் ஏற்கெனவே இருக்கும் மடிப்புக் கோட்டோடும் பக்கமூடியின் விளிம்போடும் சேர்த்து வெட்டினேன். நீங்கள் முதல் தடவையே அப்படி வெட்டிக்கொள்ளுங்கள்.